மீனை வெள்ளைக்காரி பிடிக்கட்டும்

கோபத்தோடு போய் நின்றால் மார்ச் மாதத்து மீன் தூண்டிலுக்கு வராது என்று ஜெனவியேவ் சொல்வாள். தண்ணீர் விறைத்துக் கிடக்கும் காலம் அது. மீன் அடியில் அசையாமல் கிடக்கும், எதையும் துரத்தி வராது. இரையை ஒரு சாண் இழுத்து, நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி ஒரு சாண் இழுக்க வேண்டும். கோபக்காரியின் கை அப்படி இழுக்காது, வெடுக்கென்று இழுத்துவிடும். இந்திராதேவிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் கோபம் இல்லாமல் அந்த ஏரிக்கு ஒரு நாளும் போனதில்லை.

கோபத்துக்கு அவளிடம் பஞ்சமில்லை. பாரிஸின் வடக்கே ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நீராவியும் வெள்ளை விரிப்புகளும்தான். அங்கிருந்த மேற்பார்வையாளனுக்கு அவள் பெயர் வாயில் நுழையவில்லை. அதனால் அவளுக்கு முன் வேலை செய்த ஒரு மொரோக்கோப் பெண்ணின் பெயரால் அவளையும் கூப்பிட்டு வந்தான். இரண்டு வருடம் பொறுத்தவள், ஒரு சனிக்கிழமை காலை ஈர விரிப்புக் கட்டொன்றைத் தூக்கி அவன் காலடியில் போட்டாள். போட்டுவிட்டுத் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பக்கத்து மேசையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஜெனவியேவ் சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, வேலை முடிந்ததும் என்னோடு வா, இல்லாவிட்டால் இவனைக் கொன்றுவிடுவாய் என்றாள்.

ஜெனவியேவுக்கு அவள் வயதுதான். சுவிஸ் எல்லைப் பக்கத்து மலை ஊர்க்காரி. புருஷனை விட்டு வந்தபோது தூண்டில் கம்புகளையும் ஒரு பழைய ரெனோ காரையும் மட்டும் கொண்டுவந்தவள். அந்தக் காரில் வடக்கே ஒரு மணி நேரம் போனால் ஒரு ஏரி வரும். ஏரி என்பது சும்மா பெயருக்குத்தான். மணல் அள்ளிவிட்டுப்போன பெரிய குழி அது, காலப்போக்கில் தண்ணீர் நிரம்பிவிட்டது. அந்த ஊர் மீன்பிடிச் சங்கத்தார் குளிர்காலம் முடிகிற நேரம் அதில் த்ருயித் மீன்களைக் கொண்டுவந்து விடுவார்கள். உடம்பெல்லாம் புள்ளி போட்ட குளிர்நீர் மீன். மார்ச் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை சங்க உறுப்பினர்களுக்கு ஏரியைத் திறந்துவிடுவார்கள்.

ஜெனவியேவோடு போகும் வரைக்கும் இந்திராதேவி ஒரு தூண்டிலைத் தொட்டதில்லை. குளிரில் மீன் எங்கே கிடக்கும் என்பதை அவள் பிரெஞ்சில்தான் கற்றாள். முதல் நாள் ஆட்கள் விடியுமுன் போய், மீன் விடப்பட்ட கரையிலேயே தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அது வீண். வெய்யில் ஏறி மேல்தண்ணீர் கொஞ்சம் சூடானால்தான் மீனுக்கு வாய் திறக்கும். காற்று எந்தக் கரையைப் போய் அடிக்கிறதோ அந்தக் கரைக்குத்தான் சூடேறிய தண்ணீர் ஒதுங்கும். அங்கே கறுத்த சேறு படிந்த ஆழமில்லாத இடமாகப் பார்க்க வேண்டும், கறுப்பு வெய்யிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய தங்கூசி நூல், சின்ன முள், தேன்கூட்டில் வளரும் வெள்ளைப் புழு இரண்டு. இரை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கிற மாதிரித் தக்கையைக் கட்ட வேண்டும். இந்தக் காலத்து மீன் கொத்தி இழுக்காது. தக்கை கொஞ்சம் பாரமாகும், ஏதோ யோசிப்பதுபோல் ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். அப்போதும் வெட்டி இழுக்கக்கூடாது. கம்பைத் தூக்கி நூலை இறுக்கினால் போதும்.

பாரிஸ் புறநகரான சார்செலில் ஏழாம் மாடி வீட்டில் அவளோடு இருந்த தம்பி, குலம் என்கிற குலசேகரம், குளிர்சாதனப் பெட்டியில் பட்டருக்குப் பக்கத்தில் புழு டப்பாவைக் கண்ட நாளில் ஒரு கூச்சல் போட்டான். பிறகு பழகிவிட்டான். மீன் வந்தால் தின்பான். அதைப் பற்றி வெளியில் பேச மாட்டான்.

பேசாமல் இருப்பதில் குலம் கெட்டிக்காரன். அவனுக்குப் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் பொன்னம்பலத்தாரின் கடையில் வேலை. அரிசி, மிளகாய்த்தூள், தேங்காய், குளிர்ப்பெட்டியில் அறக்குளா மீன் என்று எல்லாம் விற்கிற கடை. மாலையில் காசு வாங்கும் மேசையில் பொன்னம்பலத்தாரின் மகள் பூரணி வந்து இருப்பாள். அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைத் தகப்பன் கண்டார். கண்டும் கோபப்படவில்லை. படித்த பெடியன், நம்பிக்கையானவன், வாத்தியாரின் மகன். அவராகவே கலியாணப் பேச்சுக்காலைத் தொடங்கினார்.

இந்திராதேவி அந்தச் சந்தோசத்தில்தான் பிழை விட்டாள். போன வசந்தத்தில் நல்ல மீன் இரண்டு விழுந்தன. அவற்றைப் பேப்பரில் சுற்றி, ஜெனவியேவின் காரிலேயே லா ஷப்பலில் வந்து இறங்கி, கடைக்குள் போய்ப் பொன்னம்பலத்தாரின் மேசையில் வைத்தாள். தானே பிடித்தது என்று பெருமையாகச் சொன்னாள். கடையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னம்பலத்தார் சிரித்தார். ஆனால் மீனைத் தொடவில்லை. அது வீட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கடை மொரீசியஸ்காரருக்குப் போனது என்று பிறகு தெரியவந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி எழுந்தது. இவை என்ன ஆக்கள்? யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். என்ன சாதி என்று வாய்விட்டுக் கேட்காமல் கேட்பது. மீன் பிடிக்கிறவர் கரையார், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. மீனை விற்கலாம், பெட்டி பெட்டியாக இறக்குமதி செய்யலாம், தலையோடு குழம்பு வைத்து விரல் சூப்பலாம். பிடித்தால் மட்டும்தான் கேள்வி வரும். விமானம் ஏறி, எல்லைகளைக் களவாகக் கடந்து, அகதி என்று பதிந்து, குளிரில் விறைத்து வந்த சனம் இதை மட்டும் ஒரு கீறல் படாமல் கொண்டுவந்து இறக்கியிருந்தது.

கேள்விக்குப் பதில் இருந்தது. அதைத்தான் குலம் மறைத்திருந்தான். அப்பா வெள்ளாளர், உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார். அம்மா கரையோரத்துக் கரையார் வீட்டுப் பெண், கிறிஸ்தவ வேதக்காரி, பெயர் பிலோமினா. அப்பா விரும்பிக் கட்டினார். அன்றிலிருந்து அப்பாவின் சொந்தக்காரர் யாரும் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. பொன்னம்பலத்தார் கேட்டபோது குலம் அப்பாவின் ஊரைச் சொன்னான், அப்பாவின் பெயரைச் சொன்னான். அம்மாவும் அந்தப் பக்கம்தான் என்று சொல்லி நிறுத்திக்கொண்டான்.

பிலோமினாவும் தன் வாழ்நாளில் தூண்டில் தொட்டவளில்லை என்பதுதான் இதில் பெரிய பகிடி. அவள் ஊரில் பெண்கள் வள்ளம் ஏறுவதில்லை.

இந்த மார்ச்சில் ஏரி திறப்பதற்கு முதல் வாரம் குலம் ஒரு யோசனையோடு வந்தான். யோசனை பொன்னம்பலத்தாருடையது. சனம் கதைக்கிறது. அதை அடக்க ஒரே வழி, இது பிரெஞ்சுக்காரரின் பொழுதுபோக்கு, வேலையிடத்துச் சிநேகிதியோடு சும்மா போகிற உல்லாசம் என்று காட்டுவது. அவர் கமராவோடு ஏரிக்கு வருவார். படம் எடுப்பார். படத்தைக் கடையில் நாலு பேருக்குக் காட்டுவார். அதோடு சித்திரையில் கலியாண எழுத்து வைக்கலாம்.

"ஆர் கதைக்கினம்?" என்று இந்திராதேவி கேட்டாள்.

"ஆக்கள்தான், அக்கா."

"பெயரைச் சொல்லு."

அவள் அன்று சமையலறைக் கதவை அறைந்த அறையில் மேல்வீட்டுக்காரி தரையில் தட்டினாள். ஆனாலும் காலையில் சரி என்றாள். அவனுக்கு அவளை விட்டால் இங்கே வேறு யாருமில்லை. பூரணியின் பெயரைச் சொல்லும்போது அவன் முகம் போகிற போக்கை அவள் பார்த்திருந்தாள். ஒரு நாள் தானே, நின்று பல்லைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பினாள். விடிய வர வேண்டாம், பத்து மணிக்குப் பிறகு வரட்டும்.

பொன்னம்பலத்தார் விடியவே வந்துவிட்டார். மீன்பிடி என்றால் விடியற்காலை என்பது அவர் கணக்கு. கடைச் சாமான் ஏற்றும் வான் வண்டியில் குலத்தையும் ஏற்றிக்கொண்டு, உறைபனியில் கல்லாய் இறுகிக் கிடந்த புல்தரையில் கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அங்கே நிறுத்தாதே, மத்தியானம் தரை இளகிவிடும் என்று அப்போதுதான் காரில் வந்து இறங்கிய ஜெனவியேவ் கையை ஆட்டிச் சொன்னாள். வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து அவரும் கையை ஆட்டினார்.

பெண்கள் இருவரும் கூட்டத்தை விட்டு விலகிக் காற்றடிக்கும் கரையில் நாணல் ஓரமாகக் கம்புகளை ஊன்றினார்கள். எதிர்க்கரையில் ஆண்கள் வரிசையாக நின்று ஒன்றும் கிடைக்காமல் வைன் போத்தல்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். பொன்னம்பலத்தார் நெற்றியில் விபூதியும் தோல் ஜாக்கெட்டுமாக வானுக்குள் இருந்து கைகளைத் தேய்த்தார். இடைக்கிடை இறங்கி வந்து பார்த்தார்.

"மீன் இன்னும் நித்திரையோ, பிள்ளை?"

"குளிர், அண்ணை. வெய்யில் ஏறட்டும்."

"என்ரை குளிர்ப்பெட்டிக்குள்ளை இதை விடக் கெதியாப் பிடிக்கலாம்."

குலம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நூலை ஒரு சாண் இழுத்தாள், நிறுத்தினாள். கை சொன்னபடி கேட்கவில்லை. இழுப்பு ஒவ்வொன்றும் நீளமாக வந்தது.

வெய்யில் முதுகில் சுடத் தொடங்கிய நேரம் அவள் தேநீர் ஊற்றுவதற்காகக் கம்பைக் கவைத் தடியில் சாத்திவிட்டுத் திரும்பினாள். தக்கை சாய்ந்தது. கண்டவர் பொன்னம்பலத்தார். ஒரு பாய்ச்சலில் கம்பைத் தூக்கி, கிணற்றில் வாளி இழுக்கிறவர்போல் இழுத்தார். தண்ணீரில் ஒரு வெள்ளி முதுகு புரண்டது. நூல் அறுந்தது. அவர் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றார். எவ்வளவு பெரிசு, கண்டியோ தம்பி, கை அளவு பார் என்று குலத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த நேரத்தில் அவர் கடைக்காரரும் இல்லை, பெண்ணைப் பெற்றவரும் இல்லை, மீனைத் தவறவிட்ட ஒரு மனிதர் மட்டும்தான். இந்திராதேவிக்கு அவரைக் கிட்டத்தட்டப் பிடித்துப்போனது. பிறகு அவர் கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மணந்து பார்த்தார். மறுபடி துடைத்தார்.

அவள் புதிதாக முள் கட்டி, புழுவைக் கோர்த்து, அதே இடத்துக்குக் கொஞ்சம் அப்பால் போட்டாள். அதிக நேரம் போகவில்லை. தக்கை பாரமானது. அவள் நூலை இறுக்கினாள். மீன் ஆழத்துக்கு ஓடியது. கம்பின் நுனியைத் தாழ்த்தி ஓடவிட்டாள், திரும்பியபோது சுருட்டினாள். ஜெனவியேவ் வலையை நீட்டினாள். நல்ல கொழுத்த த்ருயித், விலாவில் சிவப்புப் புள்ளிகள். இந்திராதேவி முழங்காலில் நின்று சின்னக் கட்டையால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். மீன் ஒருமுறை நடுங்கி அடங்கியது. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்து, கமராவைப் பார்த்துத் திரும்பினாள். அவளை அறியாமலே சிரிப்பு வந்திருந்தது.

பொன்னம்பலத்தார் கமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"அப்பிடி வேண்டாம், பிள்ளை. மீனை வெள்ளைக்காரி பிடிக்கட்டும். நீங்கள் பக்கத்திலை சும்மா நில்லுங்கோ. தொப்பியைப் போடுங்கோ. கையைத் துடைச்சுப்போட்டு நில்லுங்கோ."

என்ன சொல்கிறார் என்று ஜெனவியேவ் கேட்டாள். இந்திராதேவி ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். ஜெனவியேவ் பொன்னம்பலத்தாரை மேலும் கீழும் பார்த்தாள். அந்த மீன் என்னுடையது அல்ல, நான் பிடிக்காத மீனோடு படத்துக்கு நிற்பது எங்கள் ஊரில் களவு என்று சொல்லிவிட்டுச் சிகரெட்டைப் பற்றவைத்தாள்.

"அக்கா, ஒரு படம்தானே," என்றான் குலம். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

இந்திராதேவி மீனைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணை, எங்கடை அம்மான்ரை பேர் பிலோமினா. கரையாக்கள். அவா ஒரு நாளும் மீன் பிடிச்சதில்லை. எனக்குப் பழக்கினது இந்தா நிக்கிற வெள்ளைக்காரிதான். ஆனபடியால் இந்தக் கையிலை மணக்கிறது சாதி இல்லை, மீன். இப்ப படத்தை எடுங்கோ."

காற்று நாணலை அசைத்தது. பொன்னம்பலத்தார் குலத்தைத் திரும்பிப் பார்த்தார். தம்பி அப்படிச் சொல்லவில்லையே என்றார். குலத்தின் காதுகள் சிவந்திருந்தன.

"ஏமாத்திப்போட்டியள்," என்றார் அவர். பிறகு குரலை இறக்கினார். "நான் உங்கடை தாயை ஒண்டும் குறைச்சுச் சொல்லேல்லை, பிள்ளை. எனக்கு அதுகள் இல்லை. ஆனால் சனம் இருக்கெல்லோ. சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

"சனம் இஞ்சை ஒருத்தரும் இல்லை, அண்ணை. நீங்கள்தான் நிக்கிறியள்."

அவர் கமராவை உறைக்குள் போட்டு, வானில் ஏறி, கதவைச் சாத்தினார். வான் உறுமியது. சில்லு சுற்றியது, வான் அசையவில்லை. விடியற்காலையில் கல்லாயிருந்த தரை இப்போது கூழாகியிருந்தது. அவர் அழுத்த அழுத்தப் பின்சில்லு இன்னும் கீழே போனது. எதிர்க்கரை ஆண்கள் போத்தலை உயர்த்திக் காட்டினார்கள். ஜெனவியேவ் சிரித்துச் சிரித்து இருமினாள், பிறகு தன் காரிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து சில்லுக்கு அடியில் செருகினாள்.

குலம் பின்னால் போய்த் தள்ளினான். இந்திராதேவியும் மீனை வலைக்குள் போட்டுவிட்டுப் போய்த் தள்ளினாள். உதவி செய்கிற நோக்கம் அவளுக்கு இல்லை. அந்த மனிதர் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அன்று முழுக்கக் கையில் அடக்கி வைத்திருந்த வெடுக்கெல்லாம் அந்த வானின் முதுகில் போனது. சேறு எழும்பி இருவரையும் தலையிலிருந்து கால் வரை மூடியது. வான் துள்ளிக்கொண்டு புல்லைத் தாண்டிச் சரளைக்கல் பாதையில் ஏறி நின்றது.

அங்கே நின்று ஹோர்ன் அடித்தது. அது குலத்துக்கு.

அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். எழுத்துக்கென்று வாங்கிய சப்பாத்து, இன்று படத்துக்காகப் போட்டு வந்தது. ஹோர்ன் மறுபடி அடித்தது. அவன் பாதையை நோக்கி நடந்தான். இந்திராதேவி திரும்பி நின்று கையைத் தண்ணீரில் கழுவினாள். போகிறவன் போகட்டும். அம்மாவின் பெயரைக் கேட்டால் இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும், அதற்கும் ஒரு கலியாண மண்டபம் கிடைக்கும் என்று தண்ணீருக்குச் சொன்னாள். தண்ணீர் விரல் எலும்பு வரை குளிர்ந்தது.

வான் போகும் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்தபோது குலம் சேற்றில் வழுக்கி வழுக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தான். விடிய அவள் அவனிடம் கொடுத்து வானில் வைக்கச் சொன்ன சோற்றுப் பெட்டி ஒரு கையில், தன் மேலங்கி மற்றக் கையில்.

"சாமானை எடுத்துக்கொண்டு வந்தனான்," என்றான்.

"அவருக்கு என்ன சொன்னனீ?"

"அம்மாவைப் பற்றி அக்கா சொன்னது உண்மை எண்டன். நான் மறைச்சது பிழை எண்டன். கடைக்கு வர வேண்டாமாம்."

அவள் அவனைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, முதுகில் தட்டவும் இல்லை. ஒரு வருசமாக அவன் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு தான் சொல்ல வேண்டி வந்ததே என்ற எரிச்சல் அப்படியேதான் இருந்தது. பூரணிக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, திங்கட்கிழமை சொல்லலாம் என்று இருக்கிறேன் என்றான்.

"திங்களோ? தகப்பன் வீட்டை போய்ச் சேர முந்திச் சொல்லு. ஊருக்குள்ளை கபே இருக்கு, டெலிபோன் இருக்கு. அம்மான்ரை பேரைச் சொல்லித் தொடங்கு. பிறகு மற்றதைக் கதை."

அவன் அந்தக் கோலத்திலேயே போனான். இந்திராதேவி கம்பை எடுத்தாள். காற்று மாறிவிட்டிருந்தது, நாணல் ஓரத்தில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. தக்கை ஆடாமல் நின்றது. ஜெனவியேவ் சோற்றுப் பெட்டியைத் திறந்து கத்தரிக்காயை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

குலம் திரும்பி வந்தபோது சேறு அவன் முகத்தில் காய்ந்து வெடித்திருந்தது. ஏன் முந்திச் சொல்லவில்லை என்று பூரணி கேட்டாளாம். பயம் என்று சொன்னானாம்.

"பிறகு?"

"அப்பா வரட்டும், நான் கதைக்கிறன் எண்டாள். என்னோடை அதுக்குப் பிறகுதான் கதைப்பன் எண்டாள். கோபம்போலை கிடக்கு."

"கோபப்படட்டும். அவளுக்காவது வாய் இருக்கு."

அவள் வலைக்குள் கிடந்த மீனை எடுத்து அவன் முன்னால் ஒரு கல்லில் வைத்தாள். கத்தியின் பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள். இத்தனை வருசம் தின்றவன், ஒரு தடவையும் கை வைத்ததில்லை. அவன் சேற்றுக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுக் கத்தியை வாங்கி, மீனின் வாலைப் பிடித்துச் செதிலை உரசத் தொடங்கினான்.

"செதிலை விடு," என்றாள் இந்திராதேவி. "இதுக்கு உரிக்கத் தேவையில்லை. வயித்தைக் கீறு. நேராக் கீறு, நடுங்காதை."